இலைகள் நின்ற உயரம்

ஐஸ் பேக்டரித் தெருவில் ஐஸ் பேக்டரியை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. அந்தத் தெருவில், தளவாய் வீட்டு வாசலுக்கு நேராக நின்ற இருபத்தேழாம் நம்பர் வாதாம் மரத்தின் இலைகள், ஒரு ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில் தரைக்கு வராமல் நின்றுகொண்டன. எல்லா வருஷமும் போலவே சிவந்து, எல்லா வருஷமும் போலவே காம்பு கழன்று, சுழன்று சுழன்று இறங்கி, பாதி ஆள் உயரத்துக்கு வந்ததும், அங்கே யாரோ பலகை போட்டு வைத்திருப்பதைப் போல ஒவ்வொன்றாக வந்து படிந்தன. பலகை ஒன்றும் இல்லை. அடியில் நாய் படுத்திருந்தது.

முதலில் பார்த்தவள் பேச்சித்தாய். நகராட்சியில் அந்தத் தெருவைக் கூட்டுகிற வேலை அவளுக்கு. விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்து நிற்பது போல, ஒரு இலை மீதித் தூரமும் இறங்கி வரட்டும் என்று வெகுநேரம் நின்றாள். அது வரவில்லை. பால் பாக்கெட்டோடு வந்த தளவாயிடம், “என்ன அண்ணாச்சி, ஒங்க மரம் இன்னைக்கு ஸ்ட்ரைக்கா?” என்றாள்.

தளவாய் இலைகளைப் பார்த்தார். “தெரியலை” என்றார்.

அவர் மனைவி ஆவுடையம்மாள் இறந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டரை மாதத்தில் அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும், மகன் போன் பண்ணினானா என்று கேட்டாலும், இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாலும் அதே சொல், அதே குரல். தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறந்து மூடி ஓய்வு பெற்ற மனிதர். ஒரு வால்வை யாரோ இறுக்கி மூடிவிட்டுச் சாவியைக் கொண்டுபோன மாதிரி இருந்தார். வலி என்று ஒன்றும் இல்லை. சுடுசோறு சுடவில்லை, குளிர்ந்த தண்ணீர் குளிரவில்லை, அவ்வளவுதான்.

ஆச்சரியப்படுவதற்கென்று தெரு ஒதுக்கியது ஒரு முழுநாளும் ஒரு அரைநாளும். புதன்கிழமை மதியத்துக்குள் எல்லோருக்கும் வேலை இருந்தது. டீக்கடைப் பொன்னுத்துரை பெஞ்சை மரத்துப் பக்கமாக நகர்த்திப் போட்டார். குடித்துவிட்டு வைக்கும் காலிக் கண்ணாடி டம்ளரை இலைகள் தாங்கின, டீயோடு வைத்தால் சாய்த்துவிட்டன, ஆகவே முழுக்கக் குடித்துவிட்டே வைக்க வேண்டும் என்று எழுதிப் போட்டார். பெண்கள் வேட்டித் துணியை இலைகள்மேல் விரித்து மோர்மிளகாய் காயவைத்தார்கள். மேலும் கீழும் காற்றுப் போனதால் நாலு நாள் காய்கிறது இரண்டு நாளில் காய்ந்தது. அடுத்த தெருக்காரர்கள் தங்கள் மிளகாயோடு வந்தபோது, எங்களுக்கே இடம் பத்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகள் அடியில் ஓடினார்கள். பெரியவர்கள் குளத்துக்குள் இறங்கி நடப்பது போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இலைகளுக்குள் நடந்தார்கள். விலக்கின இலை ஒதுங்கி, ஆள் போனதும் பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பொங்கலன்று சிவப்புக் கூரைக்கு அடியில் குத்தவைத்துக் கோலம் போட்டார்கள், மேலே நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை, பார்க்க வேண்டும் என்கிறவர்கள் இலையை விலக்கிக் குனிந்து பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பேச்சித்தாய் தினமும் தரையைப் போட்டோ எடுத்து மேஸ்திரிக்கு அனுப்பினாள். தெருவிலேயே சுத்தமான தரை அதுதான்.

தளவாய் வாசலில் கோலம் இல்லை. அவர் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்த இலைகளுக்குள் நடந்து பொன்னுத்துரை கடைக்குப் போனார், வந்தார். இலைகள் அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தன. அவர் கையைத் தூக்கவில்லை.

இலைகளைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. கவலை மரத்தைப் பற்றி. அதைச் சொல்ல வேண்டுமானால் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் செலின் டீச்சர் ஆரம்பித்தது அது. பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அந்தத் தெருவிலும் குறுக்குச் சந்திலுமாக ஐம்பத்திரண்டு மரங்களுக்கு ஆணி அடிக்காமல் கயிற்றில் தகர நம்பர் கட்டி, ஒரு மரத்துக்கு ஒரு ஆள் என்று பிரித்துக் கொடுத்து, ஆளுக்கு ஒரு நோட்டும் கொடுத்தார். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை மரத்தின் சுற்றளவை எடுக்க வேண்டும், பட்டையில் பூச்சி உண்டா, யாராவது விளம்பரத் தட்டி அடித்தார்களா, வேரில் சிமெண்ட் கொட்டினார்களா என்று பார்த்து எழுத வேண்டும். முதல் நாள் எல்லோரையும் கூட்டி, தன் நெஞ்சில் கையை வைத்து, “டேப்பை நெஞ்சு உயரத்துல சுத்துங்க” என்று சொல்லிக் கொடுத்தார். ஐம்பத்திரண்டு பேரும் தங்கள் தங்கள் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். புத்தகத்தில் நெஞ்சு உயரம் என்றால் தரையிலிருந்து நாலரை அடி. அது டீச்சருக்கு இருபது வயதிலிருந்தே தெரியும், ஆகவே சொல்லத் தோன்றவில்லை. ஆறு வருஷமும் தெருவில் அவரவர் அவரவர் நெஞ்சுயரத்தில் அளந்தார்கள். குள்ளமானவர் அளந்த மரம் பருமனாகவும், உயரமானவர் அளந்த மரம் ஒல்லியாகவும் நோட்டில் ஏறியது. ஆனால் அதே மரத்தை அதே ஆள் அளந்ததால் எல்லா நோட்டிலும் கணக்கு ஒழுங்காக வளர்ந்துகொண்டே போயிற்று, யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

இருபத்தேழாம் நம்பர் ஆவுடையம்மாளுக்கு. அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். மரத்துக்கென்று தனி டேப் வாங்கவில்லை, கழுத்தில் கிடந்த தையல் டேப்பையே எடுத்துப் போனாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் எல்லோரும் ஒல்லியாகத் தெரிய வேண்டுமென்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “மூச்சப் பிடிக்காத, சாதாரணமா நில்லு, பெறவு இறுக்குதுன்னு என்னட்ட வராத” என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள். சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், மரத்திடமும் அதையே சொல்லும். டேப்பைச் சுற்ற அவள் மரத்தைக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பட்டைத் தூள் ஜாக்கெட்டின் முன்பக்கம் அப்பிக்கொண்டு வரும். “மரத்த அளக்கப் போனியா, மல்லுக்கட்டப் போனியா?” என்று தளவாய் கேட்பார். அப்போதெல்லாம் அவர் அப்படிப் பேசுகிற ஆள்.

தெருவில் புது வடிகால் வெட்டப் போகிறார்கள். வடிகால் இருபத்தேழாம் நம்பர் நிற்கிற வடக்கு வரிசை வழியாகத்தான் போகிறது. நோட்டு ஒழுங்காக இருக்கிற மரங்களைச் சுற்றி வளைத்து வெட்டுவதாக நகராட்சியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தொடர்ந்து மூன்று மாதம் அளவு இல்லாத மரம் கவனிப்பாரில்லாத மரம், அதை எடுத்துவிடலாம். நவம்பரில் ஆவுடையம்மாள் இல்லை. டிசம்பரிலும் இல்லை. ஜனவரியில் பொன்னுத்துரை நல்ல மனசோடு போய்த் தன் நெஞ்சுயரத்தில் டேப்பைச் சுற்றி, ஐம்பத்து நாலேமுக்கால் அங்குலம் என்று எழுதினார். அக்டோபரில் ஆவுடையம்மாள் எழுதியிருந்தது ஐம்பத்தெட்டேகால்.

பார்வையிட வந்த அதிகாரி பொறுமையான மனிதர். இடுப்பளவு இலைக்குள் நின்றுகொண்டு நோட்டைப் புரட்டினார். இலைகளைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவருடைய படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

“மரம் மூணரை அங்குலம் இளைச்சிருக்கே.”

“சாப்பாடு சரியில்ல போல” என்றார் பொன்னுத்துரை.

டீச்சர் எல்லோரையும் கூப்பிட்டு எங்கே அளந்தீர்கள் என்று தொட்டுக்காட்டச் சொன்னபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஐம்பத்தோரு பேர் ஐம்பத்தோரு உயரத்தில் கை வைத்தார்கள். டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி நோட்டை மூடினார்.

“மத்த மரத்துக்கெல்லாம் அளந்த ஆளு இருக்கீங்க. பெரியவங்க உயரம் மாறப்போறதில்ல, அதனால அந்தக் கணக்கு செல்லும். இந்த இருபத்தேழுக்கு மட்டும், அந்த அம்மா வச்ச அதே இடத்துல வச்சு அளவு எடுத்து, பழைய கணக்கோட ஒட்டி வந்தா ஜனவரி அளவா எடுத்துக்கறேன். முப்பத்தொண்ணாந் தேதி வரைக்கும் நேரம். அதுக்கு மேல என் கையில இல்ல.” பிறகு தளவாய் பக்கம் திரும்பி, “ஐயா, உங்க வீட்டம்மா எவ்வளவு உயரம்?” என்றார்.

தளவாய் கையைக் காற்றில் தூக்கினார். ஓரிடத்தில் நிறுத்தினார். கொஞ்சம் இறக்கினார். மறுபடி ஏற்றினார். முப்பத்து நாலு வருஷம். கை நிற்கவில்லை.

“தெரியலை” என்றார்.

தெரு அதையும் தன் வேலையாக எடுத்துக்கொண்டது. தெருவில் உள்ள குட்டையான பெண்களை எல்லாம் ஒருவர் பின் ஒருவராக அவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இவளா, இவளைவிடக் கூடவா, இவள் செருப்பைக் கழற்றினால் சரியாக வருமா. தளவாய் ஒவ்வொருத்தியையும் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனுக்கு அடையாளம் காட்டக் கூட்டிப்போன மாதிரி இருந்தது அந்தப் பெண்களுக்கு. ஒருத்தி, “அண்ணாச்சி, நான் ஒண்ணும் திருடலை” என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து உதட்டை அசைத்தார். போட்டோக்களைப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் உட்கார்ந்திருந்தாள், அல்லது தலை மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் எடை இருந்தது, உயரத்துக்கான இடம் காலியாக இருந்தது. தெருவில் உள்ள அத்தனை பெண்களின் மார்பும் இடுப்பும் கையும் தோளும் அவள் தையல் நோட்டில் இருந்தன. அவளுடையது ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

மகனுக்குப் போன் பண்ணிக் கேட்டார் டீச்சர். “எனக்கு இங்க வரும்” என்றான் மகன், போனில். எங்கே என்று தெரியவில்லை.

இருபத்தேழாந் தேதி தளவாய் சட்டைகளைத் துவைத்தார். வாதாம் இலையில் கறை உண்டு. நாலு சட்டையிலும் கீழிருந்து இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கிழித்தது போலப் பழுப்பாக ஒரு கோடு. சோப்புப் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. நாலு சட்டையையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோது கோடு ஒரு சட்டையில் ஆரம்பித்து நாலாவது சட்டையில் முடிந்தது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மரத்துத் தூசியோடு துவைக்கப் போட்ட துணி என்று அவர் கடைசியாகப் பார்த்தது அவளுடைய ஜாக்கெட். அது நினைவுக்கு வந்தது. வந்ததே தவிர அவரை ஒன்றும் செய்யவில்லை. ஈரக் கையோடு வாசலுக்கு இறங்கினார்.

இலைகள் மரத்தைத் தொடுகிற இடத்துக்குப் போய், குனிந்து, இலைகளின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பார்த்தார். சொரசொரவென்று வெடித்துக் கிடந்த பட்டையில், டேப்பின் அகலத்துக்கு, மரத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் வழவழவென்று இருந்தது. ஆறு வருஷம், மாதத்துக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில் இழுத்துப் பிடித்த டேப் தேய்த்த வளையம். நிமிர்ந்து பார்த்தால் தெரியாது. அந்த உயரத்தில் கண் இருந்தால்தான் தெரியும்.

உள்ளே போய்த் தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்து வந்தார். மரத்தைச் சுற்றி வளையத்தின்மேல் வைத்தார். டேப் பட்டையைத் தொட்டதும், இந்தக் கோடியிலிருந்து பொன்னுத்துரை கடை வரை அத்தனை இலைகளும் ஒரு தடவை மெல்ல நடுங்கின. ஒரு காலி டம்ளர் விழுந்து உடைந்தது.

தளவாய் டேப்பை எடுத்துவிட்டார். இலைகள் நின்றன.

அளவை எடுத்தால் இலைகள் இறங்கிவிடும் என்று அவருக்கு விளங்கியது. அவளுடைய உயரம் உலகத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை, அந்த இலைகளில் மட்டும் இருந்தது. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனார். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் தெரியலை என்றார். தெரிந்துகொண்டே அந்தச் சொல்லைச் சொன்னது அதுவே முதல் தடவை. ஒரு நாளில் போக வர நாலு தடவை இலைகளுக்குள் நடந்தவர் இப்போது பத்து தடவை நடந்தார். கையை இலைகள்மேல் மட்டமாக வைத்து, மெதுவாக, ஒரு ஆள் பக்கத்தில் நடந்து வருகிற வேகத்தில்.

முப்பதாந் தேதி சாயங்காலம் பேச்சித்தாய் டீ குடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிக்க மாட்டீயளே?”

“கேளு.”

“மேல பாத்தீயளா? மூணு வாரமா மொட்டையா நிக்கி. எதுத்த மரத்துல எல எல்லாம் விழுந்து, நான் கூட்டி அள்ளி, இப்பம் பாத்தா தளிர் விட்டு நிக்கி. இதுல ஒரு பொட்டு பச்சை காணோம். எல இறங்கலன்னா தளிர் எப்படி வரும்? மைனி இருந்தா இந்நேரம் மரத்த ரெண்டு அதட்டு அதட்டியிருப்பா.”

“எனக்கு அதட்ட வராது.”

“ஒங்களையே அவதான அதட்டுவா” என்றாள் பேச்சித்தாய். டம்ளரை இலைமேல் வைத்துவிட்டு, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனாள்.

முப்பத்தொன்றாந் தேதி காலை பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கூடவே, வெட்டப்போகிற மரத்துக்குக் குறி போட, சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு ஒரு ஆள். தெருக்காரர்கள் இலைகளுக்குள் வந்து நின்றார்கள், சிலர் இடுப்பு வரை, சிலர் நெஞ்சு வரை. மிளகாய்த் துணிகளை முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார்கள், ஏன் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. டீச்சர் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அதிகாரியிடம் இன்னும் ஒரு மாதம் கேட்கலாமா என்று வாயெடுத்தார்.

தளவாய் டேப்போடு வந்தார். மரத்தருகில் நின்று, முழங்காலை மடக்கி, அவ்வளவு பெரிய உடம்பை மெல்ல மெல்ல இறக்கினார். மரத்தைக் கட்டிக்கொண்டார். ஒரு கையால் டேப்பை விட்டு, சுற்றிப்போன இன்னொரு கையால் பிடித்து, வளையத்தின்மேல் பொருத்தினார். கன்னத்தில் பட்டை குத்தியது. குத்துகிறது என்று தெரிந்தது. இலைகள் நடுங்க ஆரம்பித்தன. இந்தத் தடவை அவர் எடுக்கவில்லை. ஆனாலும் அவை விழாமல் நடுங்கிக்கொண்டே நின்றன, பெயிண்ட் டப்பாக்காரர் ஒரு எட்டுப் பின்னால் போனார்.

“மூச்சப் பிடிக்காத” என்றார் தளவாய், மரத்துக்கு மட்டும் கேட்கிற குரலில். “சாதாரணமா நில்லு.”

இலைகள் இறங்கின. அத்தனையும் ஒன்றாக, அவசரமில்லாமல், மீதியிருந்த மூன்றடியும் சொச்சமும் இறங்கி, எல்லோருடைய பாதத்தின்மேலும் வந்து படுத்தன. நாய் எழுந்து உதறிக்கொண்டது. பல நாள் கழித்துத் தங்கள் கால்களைப் பார்க்கிறவர்கள் போலத் தெருக்காரர்கள் குனிந்து பார்த்தார்கள்.

“ஐம்பத்தெட்டரை” என்றார் தளவாய்.

டீச்சர் அக்டோபர்க் கணக்கைப் பார்த்தார். மூன்று மாதத்துக்குக் கால் அங்குலம். முந்தின வருஷமும் அதே மூன்று மாதத்துக்கு அதேதான். அதிகாரி எட்டிப் பார்த்து, பேனாவை வாங்கி, சிறிதாக ஒரு கையெழுத்துப் போட்டார். பெயிண்ட் டப்பாக்காரர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார்.

“அண்ணே, டேப்பை எடுத்துராதீங்க, தரையிலிருந்து அந்த உயரத்தையும் குறிச்சிக்கிறேன்” என்றார் டீச்சர். பொன்னுத்துரை அளந்தார். மூன்றடி ஐந்து அங்குலம். எல்லா நோட்டிலும் இனி உயரம் என்று ஒரு கட்டம் போட வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். பொன்னுத்துரை டீ போடப் போனார், போகும்போது இரண்டு கையையும் தூக்கிக்கொண்டே போனார். அந்தப் பழக்கம் தெருவில் பங்குனி வரை போகவில்லை.

தளவாய் டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையை மரத்தின் வளையத்தில் வைத்தபடியே எழுந்தார். எழுந்த பிறகும் அந்தக் கையை அதே மட்டத்தில் வைத்துக்கொண்டார். நிரம்பிய பாத்திரத்தைக் கொண்டுபோவது போல அலுங்காமல் படி ஏறி, உள்ளே போய், அடுக்களைக் கதவின் நிலையில் அந்தக் கையை வைத்தார். மெஷின் டிராயரில் இருந்த தையல் சாக்கட்டியால் அங்கே ஒரு கோடு போட்டார். கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கை தானாக மேலே போயிற்று. கழுத்து. தாடை. தினமும் உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே திரும்பிப் பார்க்கிற கண். கோட்டுக்கு மேலே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் கை நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

வாசலில் விளக்குமாறு உரசுகிற சத்தம் கேட்டது. “மூணு வாரத்துக் குப்பை அண்ணாச்சி, ஒரே நாள்ல” என்று பேச்சித்தாய் கத்தினாள். “பழைய சாக்கு இருந்தா ரெண்டு தாங்க.”

“இந்தா வாரேன்” என்றார். வரவில்லை. கையை எடுக்காமல், மற்ற கையால் டேப்பைத் தரைவரை இறக்கினார். டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு பார்த்தார்.

“நாலடி எட்டு அங்குலம்” என்றார்.

யாரும் கேட்கவில்லை.